கரைக்கு வரும் முன்பே: புகலிடச் சட்டத்தைச் சுற்றிப்போன நாற்பது ஆண்டுகள்

1985 மே மாதம் பிரிட்டன் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தது. காமன்வெல்த் நாடு ஒன்றின் குடிமக்கள் எல்லோரும் இனி புறப்படும் முன்பே விசா எடுத்திருக்க வேண்டும் என்று அறிவித்தது. அந்த நாடு இலங்கை. 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பிறகு விமானம் ஏறி லண்டனில் இறங்கித் தஞ்சம் கேட்ட தமிழர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. அதைக் குறைக்கத்தான் இந்த விசா. அடுத்த ஆண்டே இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கானா, நைஜீரியா என்று பட்டியல் நீண்டது.

ஒரு நாடு விசா கேட்பதில் என்ன தவறு என்று தோன்றலாம். ஆனால் உயிருக்குப் பயந்து ஓடுகிறவர் பிரிட்டன் தூதரகத்துக்குப் போய், "நான் உங்கள் நாட்டில் தஞ்சம் கேட்கப் போகிறேன், விசா கொடுங்கள்" என்று கேட்டால் கிடைக்காது. அப்படி ஒரு விசாவே இல்லை. சுற்றுலாவுக்கு உண்டு, படிப்புக்கு உண்டு, வேலைக்கு உண்டு. தஞ்சம் கேட்க வேண்டுமானால் முதலில் அந்த நாட்டு மண்ணில் நிற்க வேண்டும். நிற்பதற்கோ விசா வேண்டும். இந்த இடைவெளியில்தான் ஏஜென்சிக்காரர்களும் போலிப் பாஸ்போர்ட்டும் பிழைப்பு நடத்த ஆரம்பித்தார்கள்.

1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய தமிழர்கள் குழு ஒன்றை உடனே திருப்பி அனுப்ப அதிகாரிகள் முயன்றார்கள். ஓடுபாதையருகே அவர்களில் பலர் உடைகளைக் களைந்து நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். படங்கள் பத்திரிகைகளில் வந்தன, வழக்கறிஞர்கள் ஓடிவந்தார்கள், நீதிமன்றம் தடை கொடுத்தது. சில வாரங்களில் அரசு நாடாளுமன்றத்துக்கு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. முறையான ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனமோ கப்பல் நிறுவனமோ தலைக்கு 1,000 பவுண்டு அபராதம் கட்ட வேண்டும். 1991-இல் அது 2,000 ஆனது. அதற்குப் பிறகு யார் அகதி, யார் இல்லை என்ற கேள்வியின் முதல் சல்லடை, கொழும்பிலோ சென்னையிலோ விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் நிற்கும் ஊழியர் கைக்குப் போனது. அவருக்குச் சட்டம் தெரிய வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் ஏற்றாமல் விட்டால் போதும். அவரை எதிர்த்து மேல்முறையீடும் கிடையாது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்று மத்தியதரைக் கடலிலும் ஆஸ்திரேலியாவின் வடக்குக் கடலிலும் நடப்பதன் அடிப்படை யோசனை இந்த இரண்டு நடவடிக்கைகளிலேயே இருக்கிறது. பெரும்பாலான நாடுகள் அகதிகளுக்கான சர்வதேசச் சட்டத்தை வெளிப்படையாக மீறுவதில்லை. அந்தச் சட்டம் தொடங்கும் இடத்துக்கு ஆள் வந்து சேராமல் பார்த்துக்கொள்கின்றன.

சரி, சட்டம் எங்கே தொடங்குகிறது? 1951 ஜூலை 28 அன்று ஜெனீவாவில் ஏற்கப்பட்ட அகதிகள் ஒப்பந்தம்தான் இதன் மூலம். இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவில் இருப்பது, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தோடு சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர் அகதி என்றது அது. முதலில் 1951 ஜனவரி 1-க்கு முந்தைய நிகழ்வுகளால் அகதியானவர்களுக்கு மட்டும்தான், பெரும்பாலும் ஐரோப்பியர்களுக்குத்தான், அது உருவானது. அதன் துணை ஒப்பந்தமான 1967 நெறிமுறை அந்தக் கால வரம்பையும் இட வரம்பையும் எடுத்துவிட்டது. இன்று ஏறத்தாழ 150 நாடுகள் இதில் இருக்கின்றன.

தஞ்சம் கொடுத்தே ஆக வேண்டும் என்று இந்த ஒப்பந்தம் எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தவில்லை. 1948 மனித உரிமைப் பிரகடனத்தின் 14-ஆவது பிரிவும் தஞ்சம் தேடவும், கிடைத்தால் அனுபவிக்கவும்தான் உரிமை தருகிறது. 13-ஆவது பிரிவு எந்த நாட்டிலிருந்தும் வெளியேறும் உரிமையைத் தருகிறது. இன்னொரு நாட்டுக்குள் நுழையும் உரிமையைத் தரவில்லை. அரசுகள் உண்மையில் கட்டுப்பட்டிருப்பது அகதிகள் ஒப்பந்தத்தின் 33-ஆவது பிரிவுக்கு. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து இருக்கும் இடத்துக்கு ஒரு அகதியை எந்த வகையிலும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அந்தப் பிரிவு. இதோடு 31-ஆவது பிரிவும் முக்கியம்: ஆபத்துள்ள இடத்திலிருந்து நேராக வந்து, தாமதமில்லாமல் அதிகாரிகளிடம் போய், தக்க காரணமும் சொல்லும் அகதியை, அனுமதியில்லாமல் நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது. உயிர் தப்பி ஓடுகிறவர் கையில் ஒழுங்கான தாள் இருக்காது என்பது 1951-இல் கூடியிருந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஆக, கையில் கிடைத்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. கையில் கிடைக்காமலே இருந்தால்?

அமெரிக்கா இந்தக் கேள்வியைக் கடலில் எழுப்பியது. ஹெய்ட்டியிலிருந்து படகில் வருபவர்களை நடுக்கடலில் மறித்துத் திருப்பும் வேலை 1981-இல் ரீகன் காலத்தில் தொடங்கியது. 1992-இல் விசாரணை எதுவுமே இல்லாமல் திருப்பலாம் என்று உத்தரவு வந்தது. 1993 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைச் சரி என்றது: 33-ஆவது பிரிவு அமெரிக்க எல்லைக்கு வெளியே, திறந்த கடலில் பொருந்தாதாம். நீதிபதி பிளாக்மன் ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். ஒப்பந்தத்தில் 'எந்த வகையிலும்' என்று இருப்பதைப் படித்த பிறகு பெரும்பான்மைத் தீர்ப்பை ஏற்பது கடினம்.

ஐரோப்பாவில் எதிர்மாறான தீர்ப்பு வந்தது. 2009 மே மாதம் இத்தாலியின் லாம்பெதுசா தீவுக்குத் தெற்கே சோமாலியர், எரித்ரியர் உட்பட சுமார் 200 பேர் வந்த படகுகளை மறித்த இத்தாலி, அவர்களைத் தன் கப்பல்களில் ஏற்றி நேராக லிபியாவின் திரிப்போலிக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டது. 2012 பிப்ரவரி 23 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இத்தாலி செய்தது தவறு என்று ஒருமனதாகச் சொன்னது. கப்பல் இத்தாலியுடையது, அதில் இருப்பவர்கள் இத்தாலியின் கட்டுப்பாட்டில் இருக்கிறார்கள், ஆகவே பொறுப்பும் இத்தாலிக்கே. மண் எங்கே என்று பார்க்காமல், ஆள் யார் பிடியில் இருக்கிறார் என்று பார்த்த தீர்ப்பு இது.

அதற்கு அரசுகள் கண்டுபிடித்த பதில்தான் கவலைக்குரியது. 2017 பிப்ரவரியில் இத்தாலி லிபியாவுடன் ஒப்பந்தம் போட்டது. பணம், படகு, பயிற்சி எல்லாம் இத்தாலியும் ஐரோப்பிய ஒன்றியமும் கொடுக்கும். மறித்துப் பிடித்துத் திருப்புவது லிபியக் கடலோரக் காவல்படை. பிடிபட்டவர்கள் போகும் தடுப்பு முகாம்களில் நடந்த சித்திரவதையும் அடிமைத்தனமும் மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள் என்று ஐ.நா.வின் உண்மை அறியும் குழு 2023-இல் சொன்னது. 2017 நவம்பரில் இத்தகைய ஒரு மறிப்பின்போது பலர் மூழ்கி இறந்தார்கள். தப்பியவர்கள் இத்தாலிக்கு எதிராக ஸ்ட்ராஸ்பர்க் போனார்கள். 2025-இல் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்கவே இல்லை. லிபியப் படகின் மீது இத்தாலிக்கு நேரடிக் கட்டுப்பாடு இருந்ததாகச் சொல்ல முடியாது என்றது. 2012 தீர்ப்பு திறந்த கதவை, வேலையை இன்னொருவர் கையில் கொடுத்தே மூடிவிடலாம் என்றாகிவிட்டது. செலவைக் கொடுப்பவருக்குச் சட்டத்தில் பொறுப்பு இல்லை என்ற இந்த நிலைதான், என் பார்வையில், இன்றைய புகலிடச் சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை.

ஆஸ்திரேலியா இதே வேலையைத் தீவுகளை வைத்துச் செய்தது. 2001 ஆகஸ்டில் நார்வே சரக்குக் கப்பலான தம்பா காப்பாற்றிய 400-க்கும் மேற்பட்டவர்களை, பெரும்பாலும் ஆப்கானிய ஹசாராக்களை, தன் ஆட்சியில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் இறங்க விடவில்லை. அதன் பிறகு நவுருவிலும் பப்புவா நியூ கினியின் மானுஸ் தீவிலும் முகாம்கள் வந்தன. 2013-க்குப் பிறகு படகில் வந்த எவருக்கும் ஆஸ்திரேலியாவில் குடியமர வாய்ப்பே இல்லை என்பது இரண்டு பெரிய கட்சிகளுக்கும் பொதுக் கொள்கையாகிவிட்டது.

2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட படகில் 157 தமிழர்கள் இருந்தார்கள். குழந்தைகளும் உண்டு. கிறிஸ்துமஸ் தீவை நெருங்கும்போது, ஆஸ்திரேலியாவின் 12 கடல்மைல் எல்லைக்குச் சற்று வெளியே, அதை ஒட்டிய கடல் மண்டலத்தில் சுங்கத்துறைக் கப்பல் அவர்களை மறித்து ஏற்றிக்கொண்டது. இந்தியாவில் கொண்டுபோய் விடுவது திட்டம்; இந்தியா சம்மதிக்கவில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் அவர்கள் கப்பலிலேயே, பெரும்பாலான நேரம் ஜன்னலில்லாத அறைகளில் அடைபட்டிருந்தார்கள். எங்கே போகிறோம் என்பதே தெரியாது. கடைசியில் ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் முகாமுக்குக் கொண்டுவந்து, சில நாளில் நவுருவுக்கு அனுப்பினார்கள். 2015 ஜனவரியில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தத் தடுப்புக்காவல் உள்நாட்டுச் சட்டப்படி செல்லும் என்றது. அதே 2014 ஜூலையில் வேறொரு படகில் வந்த 41 பேரை, கடலிலேயே அவசர விசாரணை ஒன்றை முடித்துவிட்டு, மட்டக்களப்புக்கு அப்பால் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தார்கள். யாருக்குப் பயந்து ஒருவர் ஓடுகிறாரோ அந்த அரசின் கையிலேயே நடுக்கடலில் கொடுப்பது! 33-ஆவது பிரிவை எழுதியவர்கள் தடுக்க நினைத்ததும் இதைத்தான்.

எல்லா நாடும் எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 1986 ஆகஸ்ட் 11 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் தத்தளித்தார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து அவர்களைக் கொண்டுவந்த கப்பல் கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. மீனவர்கள் காப்பாற்றினார்கள். எங்கிருந்து வந்தோம் என்பதை வந்தவர்கள் மாற்றிச் சொன்னார்கள் என்று தெரிந்து மக்கள் மத்தியில் கோபம் எழுந்தபோதும், கனடா அரசு அவர்களைத் தங்கி வேலை செய்ய அனுமதித்தது. 2010 ஆகஸ்டில் 492 தமிழர்களுடன் சன் சீ கப்பல் கனடாவின் மறுகரைக்கு வந்தபோது எல்லாம் மாறியிருந்தது. வந்தவர்கள் சிறைப்பட்டார்கள், பலர் மாதக்கணக்கில். கூட்டமாகக் கப்பலில் வருபவர்களைத் தனி வகையாகப் பிரித்துக் கட்டாயக் காவலில் வைக்கும் சட்டம் 2012-இல் வந்தது. கப்பலில் சமைத்தவர், காவல் நின்றவர் போன்றவர்கள்கூட ஆள் கடத்தலில் பங்கெடுத்தவர்களாக ஒதுக்கப்பட்டார்கள். தப்பி ஓடும் வழியில் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி ஆள் கடத்தல் ஆகாது என்று கனடா உச்ச நீதிமன்றம் சொல்ல 2015 நவம்பர் வரை ஆனது. இரண்டு கப்பல்களுக்கும் இடையில் 24 ஆண்டுகள். 1951 ஒப்பந்தத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அப்புறம் டியகோ கார்சியா. இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் ஆட்சியில் இருந்த, அமெரிக்க ராணுவத் தளம் உள்ள தீவு. 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிப் போன படகு பழுதாகி, 89 இலங்கைத் தமிழர்கள் அங்கே கரையேற்றப்பட்டார்கள். அந்த ஆட்சிப்பகுதியில் தஞ்சம் கேட்ட முதல் ஆட்கள் அவர்கள்தான். 1951 ஒப்பந்தத்தை அந்தத் தீவுக்கு நாங்கள் நீட்டிக்கவில்லை என்றது பிரிட்டன். கரை ஏறிய பிறகும் சட்டம் வந்து சேரவில்லை! சுற்றிலும் வேலி, காவலுக்கு ஆள், எலி நடமாடும் கூடாரங்கள், தற்கொலை முயற்சிகள். சிலரை மருத்துவத்துக்காக ருவாண்டாவுக்கு அனுப்பினார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானவர்கள் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அதே மாதம், அந்தப் பகுதிக்கான உச்ச நீதிமன்றம் அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம், பெயரில் மட்டும்தான் அது சிறை இல்லை என்று தீர்ப்பளித்தது.

பிரிட்டனின் ருவாண்டா திட்டம் இதே வரிசையில் இன்னொன்று. 2022 ஏப்ரலில் அறிவித்தார்கள். சிறு படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வருபவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பி அங்கேயே விசாரிப்பது. 2023 நவம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக நிறுத்தினார்கள்: ருவாண்டா அவர்களை ஆபத்துள்ள சொந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடும் அபாயம் உண்மையானது. ருவாண்டா பாதுகாப்பான நாடு என்று நாடாளுமன்றத்தில் சட்டமே போட்டுப் பார்த்தார்கள். 2024 ஜூலையில் வந்த புதிய அரசு திட்டத்தைக் கைவிட்டது. துருக்கியுடன் ஐரோப்பிய ஒன்றியம் 2016 மார்ச் 18 அன்று செய்த ஏற்பாட்டில் 600 கோடி யூரோ கைமாறியது. அதுவும் இந்த வகைதான், விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இந்தியாவின் நிலை இதற்குத் தலைகீழ். 1951 ஒப்பந்தத்திலும் இல்லை, 1967 நெறிமுறையிலும் இல்லை, உள்நாட்டில் அகதிகளுக்கென்று ஒரு சட்டமும் இல்லை. ஆனாலும் 1983 தொடங்கி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத்தமிழர்கள் ராமேஸ்வரம், தனுஷ்கோடி வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். ராமேஸ்வரத்தை அடுத்த மண்டபம் என்ற ஊரில் பதிவு, பிறகு முகாம், ரேஷன், உதவித்தொகை, பிள்ளைகளுக்குப் பள்ளி. இன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் இருக்கிறார்கள். 2021-இல் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி வீடுகள் கட்டத் தொடங்கியது.

கையெழுத்துப் போட்ட நாடு வேலி கட்டியது, போடாத நாடு இடம் கொடுத்தது. அப்படியானால் ஒப்பந்தத்தால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். இந்த வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. முதலில், தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே கடல் தூரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். பக்கத்து நாட்டால் எல்லையைத் தள்ளிவைக்க முடியாது. உலக அளவிலும் இதுவே நிலை: 2024 முடிவில் துன்புறுத்தலாலும் போராலும் இடம்பெயர்ந்தவர்கள் 12 கோடிக்கும் மேல். பாதிக்கும் மேற்பட்டோர் சொந்த நாட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். எல்லை தாண்டியவர்களிலும் சுமார் 73 விழுக்காட்டினர் தங்கியிருப்பது பணக்கார நாடுகளில் இல்லை.

இரண்டாவது, தயவு மாறும். 1991-இல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு தமிழ்நாட்டின் மனநிலை மாறியது. 1992-இல் திருப்பி அனுப்புவது தொடங்கியபோது, விருப்பத்தோடுதான் போகிறார்களா என்ற சந்தேகம் பலமாக எழுந்தது. அதைச் சரிபார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் இருக்க அனுமதி கிடைத்தது பெரிய ஆறுதல். ஆனால் 'என்னை அனுப்பக் கூடாது' என்று சொல்லிக் காட்ட முகாமில் இருந்தவருக்கு ஒரு சட்டப்பிரிவு இருக்கவில்லை. டியகோ கார்சியாவில் அடைபட்டவர்கள் வழக்குப் போட்டு ஜெயித்ததற்குக் காரணம், ஒப்பந்தம் அந்தத் தீவுக்கு நீட்டிக்கப்படாவிட்டாலும், சட்டவிரோதமாக அடைத்து வைப்பதற்கு எதிராகப் பிடித்துக்கொள்ள அவர்களுக்குச் சட்டம் ஒன்று இருந்தது. இந்திய நீதிமன்றங்கள் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவை நீட்டி, வெளிநாட்டவருக்கும் உயிர்ப் பாதுகாப்பு உண்டு என்று சொல்லியிருக்கின்றன. 1996-இல் அருணாச்சலப் பிரதேசத்தில் இருந்த சக்மா அகதிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொன்னது. 2021 ஏப்ரலிலோ, ரோஹிங்யாக்களை உரிய நடைமுறைப்படி நாடு கடத்தத் தடையில்லை என்றது. 2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனு வந்தபோது, உலகம் முழுவதுமிருந்து வரும் அகதிகளை ஏற்க இந்தியா ஒரு தர்மசத்திரமா என்று உச்ச நீதிமன்ற அமர்வு கேட்டது. சட்டம் இல்லாத இடத்தில் நீதிபதிக்கு நீதிபதி பதில் மாறுகிறது.

மூன்றாவது, காலம். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு விதி இன்னும் இறுகியது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் சொல்லி இலங்கையை விட்டுவிட்டது. ஆக, இலங்கையைப் பார்த்தே இராத, தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த ஒரு இளைஞர், சட்டத்தின் கண்ணில் இன்னும் வெளிநாட்டவர்.

வேலைக்காக நாடு விட்டுப் போகிறவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு 33-ஆவது பிரிவு போன்ற ஒன்றே இல்லை. 1990-இல் ஐ.நா. கொண்டுவந்த புலம்பெயர் தொழிலாளர் ஒப்பந்தத்தில் இலங்கை 1996-இல் சேர்ந்தது. வேலைக்கு ஆட்களை எடுக்கும் வளைகுடா நாடுகளோ மேற்கத்திய நாடுகளோ சேரவில்லை. 2018 டிசம்பரில் மொராக்கோவின் மராகேஷில் ஏற்கப்பட்ட குடிபெயர்வு உடன்பாட்டில் 23 இலக்குகள் இருக்கின்றன, கட்டாயம் எதுவும் இல்லை. அப்படியிருந்தும் ஐ.நா. பொதுச்சபையில் அமெரிக்கா, ஹங்கேரி உட்பட ஐந்து நாடுகள் எதிர்த்து வாக்களித்தன.

ஐரோப்பாவில் அடுத்த கட்டம் எழுதி முடிந்துவிட்டது. 2024 மே மாதம் நிறைவேறிய ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய குடிபெயர்வு, புகலிட விதிகள் 2026 ஜூன் 12 முதல் பொருந்தும். அனுமதியின்றி எல்லைக்கு வந்தவர்களைப் பரிசோதித்து, அவர்களில் ஒரு பகுதியினரின் விண்ணப்பங்களை எல்லையிலேயே முடிக்க வேண்டும். அந்தக் காலம் முழுவதும் அவர்கள் கிரேக்கத்திலோ இத்தாலியிலோ நின்றாலும், நாட்டுக்குள் நுழைந்தவர்களாகக் கருதப்பட மாட்டார்கள். திருப்பி அனுப்பக் கூடாது என்ற கடமை இதனால் போய்விடவில்லை என்று விதிகளிலேயே இருக்கிறது. அதை நடைமுறையில் யார் பார்ப்பார்கள், வழக்கறிஞர் உள்ளே போக முடியுமா, மேல்முறையீடு முடியும்வரை ஆளை நிறுத்தி வைப்பார்களா என்பதெல்லாம் ஒவ்வொரு நாடும் நடத்தும் விதத்தில் இருக்கிறது.

இந்தியாவுக்கு வேண்டியது இவ்வளவு சிக்கலான ஒன்றுகூட இல்லை. சசி தரூர் 2015-இல் மக்களவையில் தனிநபர் மசோதாவாக ஒரு புகலிடச் சட்ட வரைவைக் கொண்டுவந்தார், அது நகரவில்லை. யார் அகதி என்ற வரையறை, முடிவெடுக்க ஒரு அதிகாரி, அந்த முடிவை எதிர்த்துப் போக ஒரு மேல்முறையீடு, முடிவு வரும்வரை யாரையும் அனுப்பக் கூடாது என்ற தடை, நீண்ட காலம் இங்கேயே வாழ்ந்தவர்களுக்குக் குடியுரிமைக்கான ஒரு வழி. இந்த ஐந்தையும் சில பக்கங்களில் எழுதிவிடலாம். மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் நாற்பது ஆண்டுகளாகக் காத்திருப்பவர்களுக்கு, மாநில அரசு கட்டித் தரும் வீட்டோடு, மத்திய அரசு தர வேண்டியது இதுதான்.